மூன்றாவது பாட்டு

மூன்றாவது பாட்டில் எழுந்துவிட வேண்டும். இரண்டாவதிலேயே எழுந்தால் காத்துக்கொண்டிருந்தவள்போல் தெரியும். நான்காவதுவரை இழுத்தால் பி தன்சியாமி திரும்பிப் பார்ப்பார். அவர் பார்த்த பிறகு எழுந்தால் அவர் சொல்லி எழுந்ததுபோல் ஆகிவிடும். மூன்றாவதில், இரண்டாம் சரணம் தொடங்கும்போது மேளம் கொஞ்சம் இறுகுமே, அங்கே. முதலில் இடது முழங்கால். வலது வேண்டாம், போன வாரத்திலிருந்து வலி. பிறகு தோள். கண்ணை முழுக்க மூடக் கூடாது, பெஞ்சில் இடித்துக்கொள்வோம்.

இப்படி நினைத்தபடிதான் ருவாத்தி செவ்வாய்க்கிழமை பெண்கள் ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாய் பாடிக்கொண்டிருந்தது. பதினோரு வருடப் பழக்கத்தில் வாயும் யோசனையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

அந்த இடம் வந்தது. பக்கத்து வீட்டுச் சுவாலிதான் மேளம். அவள் கை இறுகியதும் ருவாத்தியின் இடது முழங்கால் நடுங்கியது. எழுந்து, மேடைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்துக்குப் போனாள். உள்ளங்கைகளை மேலே விரித்து, சின்னச் சின்ன அடியாக வைத்துச் சுற்றினாள். பின்னால் யாரோ விம்மினார்கள். நான்கைந்து பேர் எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் சபைத் தலைவி பி தன்சியாமி (மூத்த பெண்களை அங்கே மரியாதையாக 'பி' என்பார்கள்), அறுபத்தெட்டு வயதுக்காரர், கன்னத்தில் கண்ணீர் வழிய அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தக் கண்ணீர் நிஜம். ருவாத்தியை உறுத்துவதே அதுதான். தன் கண் காய்ந்து கிடக்கும்போது தன்னைப் பார்த்து இன்னொருவர் கண் எப்படி நனைகிறது என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி, மாப்புயி இருந்தாள். ருவாத்தியின் ஒரே மகள். இருபத்து நான்கு வயது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, கூட்டுப்பாட்டின் இரண்டாம் குரலைப் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள். சுற்றி வரும்போது அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் மட்டும் ருவாத்தி கண்ணை முழுக்க மூடிக்கொள்வாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிகிற சமயத்தில், அந்த மலைமுகட்டு ஊருக்கு எழுப்புதல் வந்தது, ஆவியில் நிறைந்து ஊரே பாடி ஆடுகிற காலம். மிசோ மலைகளில் அதை 'மகிழ்ச்சி வந்தது' என்றுதான் சொல்வார்கள், காய்ச்சல் வந்தது, விருந்தாளி வந்தார் என்பதுபோல. சிரித்தே அறியாத கடைக்காரர் ஆடினார். பன்றி வெட்டுகிறவர் மேளத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு கோயிலுக்கு ஓடினார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள்: "அவளுக்கு வந்திருச்சா?" "நேத்து சாயங்காலம் வந்துச்சு. செருப்பைத் தொலைச்சிட்டுப் போனா."

வீடு வீடாக வந்த மகிழ்ச்சி ருவாத்தியின் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. அவள் ஜெபித்தாள். சாப்பிடாமல் இருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் காய்ந்த சுரைக்குடுக்கைபோல் இருந்தது. ஆட்டினால் இரண்டு விதை உருளும், அவ்வளவுதான். ஒரு மாலை ஆராதனையில் யாரோ ஒரு பெண் உரக்க ஜெபித்தாள்: "ஆண்டவரே, எங்க நடுவுல ஒரு கல்லு கிடக்கு. அதைப் புரட்டிப் போடும்." யாரும் ருவாத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாடு அவள் கழுத்தில் சுட்டது. அடுத்து வந்தது மூன்றாவது பாட்டு. அவள் எழுந்துவிட்டாள்.

ஒரு தடவை என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவளுக்கு வரிசையில் முன்னால் இடம் விட்டார்கள். கல் என்று ஜெபித்தவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை உதற அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஊரில் மற்றவர்களுக்கு வந்த மகிழ்ச்சி ஒரு வருடம், இரண்டு வருடம் இருந்துவிட்டு, விருந்தாளி கிளம்புவதுபோல் கிளம்பிப் போனது. அவளுடையது மட்டும் போகவில்லை. வராதது எப்படிப் போகும்? அதனாலேயே ஊர் அவளை இன்னும் மேலே தூக்கி வைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் கணவன் ஈரல் கெட்டு இறந்தபோது, வழக்கப்படி ஊரே வீட்டுக்கு வந்து மூன்று மாலைகள் மேளம் வைத்துப் பாடியது. தரையில் விழுந்து ஊளையிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. மூன்றாவது பாட்டு வந்தது. கூடத்தில் இருந்த எல்லா முகங்களும் அவள் பக்கம் மெல்லத் திரும்பின. எழுந்து ஆடினாள். 'பெட்டி வெளிய போன அன்னிக்கே ஆடினவ, என்ன விசுவாசம்!' என்று ஊர் இன்றும் சொல்கிறது. அன்று அழ வேண்டியதை அவள் இன்னும் அழவில்லை.

ஆராதனை முடிந்து தாயும் மகளும் படிகளில் இறங்கினார்கள். முன்னால் போன ஒருத்தி திரும்பி, "மாப்புயி, உங்கம்மாவுக்கு ஆறா ஓடுது, உனக்கு ஒரு சொட்டு கொடுத்தா என்னவாம்?" என்று சிரித்தாள்.

"எங்க வீட்டுல குழாய் ஒண்ணுதான் அக்கா" என்றாள் மாப்புயி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் கேட்டாள்: "அது எப்படி இருக்கும், அம்மா? வரும்போது?"

பதிமூன்று வயதில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். 'கேட்டாக் கிடைக்கும்' என்று அன்று ருவாத்தி சொன்னாள். அதற்குப் பிறகு இன்றுதான் கேட்கிறாள்.

"சூடா இருக்கும்" என்றாள் ருவாத்தி.

மாப்புயி தேயிலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.

சனிக்கிழமை பிடியரிசி எடுக்கிற முறை ருவாத்திக்கும் சுவாலிக்கும் வந்தது. ஊரில் எல்லாச் சமையலறையிலும் ஒரு தகர டப்பா இருக்கும். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி எடுக்கும்போது முதலில் ஒரு பிடி அதில் விழ வேண்டும், அது கர்த்தருடையது. வாரக் கடைசியில் இரண்டு பெண்கள் கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்கி வருவார்கள்.

விடியற்காலையில் மழை பெய்து விட்டிருந்தது. சுவாலி டப்பாக்களை வாங்கி ருவாத்தியின் கூடையில் கொட்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது, வாய் சும்மா இருக்காது.

"இதப் பாருங்க, மாப்புயி அம்மா. சாப்பிடப் பர்மா அரிசி, ஆண்டவருக்கு மட்டும் ரேஷன் அரிசி. அவருக்குப் பல்லு நல்லா இருக்குன்னு நெனச்சிட்டாங்க."

ருவாத்தி சிரித்தாள். தன் வீட்டு டப்பாவிலும் ரேஷன் அரிசிதான் என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க சிரிச்சா நல்லாத்தான் இருக்கு" என்றாள் சுவாலி. "கோயில்ல ஆடும்போது மட்டும் ஏன் முகத்தை வயித்துவலி வந்த மாதிரி வெச்சுக்கிறீங்க? கோவிச்சுக்காதீங்க, விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனா ஒண்ணு, நீங்க எழுந்திரிக்கிற இடம் என் கைக்கே தெரிஞ்சுபோச்சு. மூணாவது பாட்டு, ரெண்டாவது சரணம். அங்க வந்ததும் கை தன்னால இறுகுது."

ருவாத்தி நடந்துகொண்டே இருந்தாள். மேளம் இறுகுவதால்தான் தான் எழுகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். தான் எழுவதற்காக மேளம் இறுகுகிறது. இரண்டு பேரும் இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொல்கிறாளா? கூடைப் பட்டையை நெற்றியில் சரிசெய்துகொண்டாள்.

கடைசி வீடு பி தன்சியாமியினுடையது. கீழே, சரிவின் அடியில். சிமெண்டுப் படிகள் பாதியில் முடிந்துவிடும், மிச்சம் செம்மண் பாதை. அது அன்று வழுவழுவென்று எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. "பாத்து" என்று சுவாலி சொல்லி வாய் மூடுவதற்குள் ருவாத்தியின் கால் போய்விட்டது.

உட்கார்ந்த வாக்கில் சறுக்கினாள். முதுகில் கூடை, கூடைக்கு வெளியே அரிசி, அரிசிக்கு முன்னால் அவள். ஏழு வயதில் வாழைமட்டையில் உட்கார்ந்து இதே மாதிரிச் சரிவில் வழுக்கியது உடம்புக்கு மறக்கவில்லைபோல. அவள் சொல்லாமலே இரண்டு காலும் முன்னால் தூக்கிக்கொண்டன. வாயிலிருந்து, "ஹோ!" என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு வேலிக்கம்பு, ஒரு சௌசௌக் கொடி, யாருடையதோ ஒரு புடலைப் பந்தல் எல்லாம் பக்கத்தில் ஓடின. பி தன்சியாமியின் பன்றிக்கொட்டகைக்கு முன்னால் போய் நின்றாள்.

பன்றி உறுமுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

மேலேயிருந்து சுவாலி கத்தினாள்: "மாப்புயி அம்மா! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

"அரிசி?"

ருவாத்தி திரும்பிப் பார்த்தாள். சரிவு முழுக்கச் சிவப்பு மண்ணில் வெள்ளையாக ஒரு கோடு, அவள் உட்கார்ந்து வந்த வழி. எங்கெங்கிருந்தோ கோழிகள் வந்துகொண்டிருந்தன. அவசரமாக ஓடிவருகிற கோழியைப் பார்த்தால் பாவாடை தடுக்க ஓடிவருகிற அத்தையைப் பார்த்த மாதிரி இருக்கும். பத்து, பதினைந்து அத்தைகள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் வந்தது. பிறகு பொத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்தபடி, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

சிரிப்பு நின்ற பிறகும் ஏதோ ஒன்று நிற்காமல் இருந்தது.

புள்ளிக்கோழி ஒன்று சேற்றுக்காலோடு அவள் மடியில் ஏறி நின்று, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. அவள் உள்ளங்கையை விரித்தாள். கோயிலில் விரிக்கிற அதே மாதிரிதான். ஆனால் இப்போது அதில் அரிசி இருந்தது. கோழி கொத்தியது. ஒவ்வொரு கொத்தும் உள்ளங்கையில் தெரிந்தது. எதிர்மலையில் மேகம் விலகி வெயில் பட்டது. அவளிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. கோழி மட்டும் அரிசியை எதிர்பார்த்தது. விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை யாரோ வாசலில் நின்று கூப்பிடாமல், சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ரொம்ப நேரமாக நின்றிருக்கிறார். இவள்தான் திரும்பவில்லை.

ஒரு செருப்பு எங்கோ போயிருந்தது. வெறுங்காலின் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. மேளம் இல்லை, பாட்டு இல்லை. அதை அவள் ஆட்டவில்லை. தன் காலை வேறு யாருடைய காலையோபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவா? இத்தனை சின்னதா?

அப்போதுதான் வெட்கம் வந்தது. இதுவரை அவளுக்கு ஒரு சாக்கு இருந்தது. எல்லோருமே இப்படித்தான் இருப்பார்களோ, எல்லோருக்கும் மூன்றாவது பாட்டு என்று ஒன்று இருக்குமோ என்று சில சமயம் தன்னைத் தேற்றிக்கொள்வாள். இப்போது அந்தச் சாக்கு போய்விட்டது. இது இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. ஒரு பெருவிரல் போதும் இதற்கு. அவள் தோளையும் முழங்காலையும் குலுக்கி இதை நடித்திருக்கிறாள், கணவனின் பெட்டி போன வீட்டில் நடித்திருக்கிறாள். ஆடிய ஆட்டமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்தில் வந்து நின்றது. ஆனாலும் அந்த விரல் நிற்கவில்லை. வெட்கமும் அதுவும் ஒரே நேரத்தில் இருந்தன. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள்.

பி தன்சியாமி பன்றித்தீனிக் கரண்டியோடு பின்வாசலில் வந்து நின்றார். "ஐயோ, என்னடி இது! கர்த்தரோட அரிசி!" என்று கோழிகளை விரட்ட ஓடி வந்தவர், ருவாத்தியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கரண்டி கீழே விழுந்தது.

"வந்திருச்சு" என்றார். "பிடியரிசி எடுக்கப் போன இடத்துல வந்திருச்சு!"

இடுப்பைப் பிடித்தபடி இறங்கி வந்த சுவாலி, "அவங்க வழுக்கி விழுந்துட்டாங்க, பி" என்றாள்.

"விழுந்தாத்தான்டி வரும்!"

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பி தன்சியாமி ஒரு துண்டு வெல்லத்தை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாப்புயி டீயைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கடுகுக்கீரை நறுக்கத் தொடங்கினாள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மத்தியானம் மூணு ஊருச் சபையிலிருந்து பொம்பளைங்க வர்றாங்க" என்றார் பி தன்சியாமி, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு. "மைக்கு வாடகைக்கு எடுத்தாச்சு. முதல்ல வழக்கம்போல நீ ஆடு. அப்புறம் சாட்சி சொல்லு. பிடியரிசி, மழை, கோழி, எல்லாம் சொல்லணும். கோழியை விட்றாத. கேக்கிறவங்களுக்குக் கோழி பிடிக்கும்."

"பி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

கத்திச் சத்தம் நின்றது. ருவாத்தி அதைக் கவனித்தாள். குரலைத் தாழ்த்தியிருக்கலாம். தாழ்த்தவில்லை; கொஞ்சம் உயர்த்தினாள்.

"எனக்கு இதுக்கு முன்னால வந்ததே இல்ல. பதினோரு வருஷமா நான் சும்மாத்தான் ஆடினேன். பயத்துல ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியல. அவர் செத்தப்போ ஆடினதும் அப்படித்தான்."

பி தன்சியாமி டீயைக் கீழே வைத்தார். பிறகு அவர் கண் நிறைந்தது. ருவாத்தியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு தாழ்மை உனக்கு! பெரிய விசுவாசிங்க எல்லாம் தன்னைப் பத்தி இப்படித்தான் சொல்லிக்குவாங்க, நான் ஒண்ணுமில்ல, வேஷக்காரின்னு. இதையும் மைக்குல சொல்லு. இதே மாதிரி, குரலை இப்படியே வெச்சுக்கிட்டு. பாதிப் பேர் அழுதுருவாங்க."

"பி, நான் நிஜமாச் சொல்றேன்."

"நிஜமாத்தான் சொல்ற. அதான் அழகு."

கையை எடுக்க முடியாமல் ருவாத்தி உட்கார்ந்திருந்தாள். பி தன்சியாமி ஏமாற்றுகிறவர் இல்லை. காலையில் பார்த்ததை அவர் நம்புகிறார். பதினோரு வருடம் பார்த்ததையும் நம்புகிறார். அவரிடமிருந்து எதைப் பிடுங்கினாலும் சேர்ந்தே வரும். நாளைக்கு மைக்கின் முன்னால் நின்று தன் வெட்கத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று ருவாத்திக்குத் தெளிவாகத் தெரிந்தது. எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று அவளுக்கு இப்போதே தெரியும். வெட்கத்தையும் ஆடிவிடுவாள். அவளால் முடியும், அவ்வளவு பழக்கம்.

"யோசிச்சுச் சொல்றேன், பி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" பி தன்சியாமி சிரித்துக்கொண்டே எழுந்தார். "வலிக்குதா கால்? பன்னிக்கொழுப்பு தடவு."

அவர் படியிறங்கிப் போனார். மாப்புயி கதவில் வந்து நின்றாள். கையில் கத்தி இருந்தது, விரல்களில் கீரையின் ஈரம்.

"எனக்கும் சேத்துத்தான் சொன்னீங்களா?"

"உனக்குத்தான் சொன்னேன்."

"கேட்டாக் கிடைக்கும்னீங்க."

"ஆமா."

"கேட்டேன்." மாப்புயியின் குரல் உயரவில்லை. "பதிமூணு வயசு. நாலு புதன்கிழமை சோத்தைப் பன்னிக்குப் போட்டுட்டு, சாப்பிட்டேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். கட்டிலுக்குப் பின்னால முட்டி போட்டுக் கேட்டேன். என் கிளாசுல எல்லாருக்கும் வந்துச்சு. எங்கம்மாவுக்கே வந்துச்சு. எனக்கு மட்டும் இல்ல. என்னப் பாத்தா ஆண்டவருக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். இன்னும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன், தெரியுமா?"

"தெரியாது."

"ஒரே வீட்டுலதான இருந்தோம்?"

ருவாத்திக்கு 'மன்னிச்சிரு' என்ற சொல் நாக்கில் வந்தது. சொன்னால் மாப்புயி அழக்கூடும், தானும் அழக்கூடும், கட்டிக்கொள்ளக்கூடும். மூன்றாவது பாட்டு மாதிரி ஆகிவிடும். அவள் வாயை மூடிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்ப்பது கஷ்டமாக இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"காலையில வந்தது?" என்று மாப்புயி கேட்டாள். "அதுவும் அப்படித்தானா?"

"இல்ல. அது நிஜம்."

"எப்படித் தெரியும்?"

ருவாத்தி யோசித்தாள். "சூடால்லாம் இல்ல. சின்னதா இருந்துச்சு. என் கால்விரல் ஆடுச்சு." சொல்லும்போதே அசட்டுத்தனமாகத் தோன்றியது. "நீ நம்ப வேண்டாம்."

"நம்பல" என்றாள் மாப்புயி. உள்ளே போனாள். சற்று நேரம் கழித்துக் கத்திச் சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக. அடுப்பில் உலை வைக்கிற சத்தம். பிறகு தகர டப்பாவின் மூடி திறக்கிற சத்தம், ஒரு பிடி அரிசி தகரத்தில் விழுகிற சத்தம். அன்று டப்பா காலியாக இருந்ததால் வீடு முழுக்கக் கேட்டது.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவும்போது மாப்புயி, "எத்தன கோழி?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"பதினஞ்சு இருக்கும்."

மாப்புயியின் முதுகு ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பா, வேறு எதுவுமா என்று ருவாத்திக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் கோயில் நிரம்பியிருந்தது. நல்ல கைத்தறிப் பாவாடைகளைச் சுற்றிக்கொண்டு மூன்று ஊர்ப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ருவாத்தியின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒருவர் உட்காரும் அளவுக்கு விட்டு வைத்திருந்தார்கள். ருவாத்தி உள்ளே வந்து, அதைப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். அது மாப்புயியின் இடம் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எழலாமா என்று நினைக்கும்போது மாப்புயி வந்தாள். தாயைப் பார்த்தாள். பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. மாப்புயி இரண்டாம் குரலைப் பிசகாமல் பாடினாள். பதினோரு வருடத்தில் அந்தக் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை என்று ருவாத்திக்குத் தோன்றியது. இவ்வளவு நன்றாகப் பாடுகிறவளையா ஊர் ஒரு சொட்டும் இல்லாதவள் என்றது? தானும்தான் அதைக் கேட்டுக்கொண்டு படி இறங்கினோம்.

மூன்றாவது பாட்டு. இரண்டாம் சரணத்தில் சுவாலியின் கை இறுகியது. தலைகள் திரும்பின. முதலில் முன்வரிசையின் வெற்றிடத்தைப் பார்த்தன, பிறகு ஒவ்வொன்றாகத் தேடிக் கடைசி பெஞ்சுக்கு வந்தன. சரணம் முடிந்தது. சுவாலி அதையே மறுபடி தொடங்கினாள். சபையும் மறுபடி பாடியது. மேளம் இறுகியது. ருவாத்தியின் இடது முழங்கால், அவளைக் கேட்காமல், பழக்கத்தில் நடுங்கத் தொடங்கியது. அவள் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். முகம் எரிந்தது. கல் என்று ஜெபித்த அந்த மாலையில் எரிந்த அதே இடத்தில், கழுத்தில், எரிந்தது. இந்தத் தடவை அவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபடவில்லை. நன்றாகவே பார்த்தார்கள்.

பி தன்சியாமி நடைபாதை வழியாக வந்தார். முகத்தில் கோபமில்லை, அன்புதான். குனிந்து, பாட்டுக்கு நடுவில் அவள் காதருகே சொன்னார்: "வா, ருவாத்தி. எல்லாரும் உனக்காகத்தான் காத்திட்டிருக்காங்க." கையை நீட்டினார்.

ருவாத்தி அந்தக் கையைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா? கால் வலியா?" என்று பி தன்சியாமி கேட்டார். அவராகவே ஒரு வழி திறந்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். முழங்கால் உண்மையிலேயே வலித்தது. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். விழுந்தவள் பாவம், அடுத்த வாரம் ஆடுவாள் என்பார்கள்.

ஒரு ஆள் இடம் தள்ளி, மாப்புயி பாடுவதை நிறுத்தியிருந்தாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, பி" என்றாள் ருவாத்தி மெதுவாக. "நான் ஆடல."